மொட்டிலிருந்து விதை வரை: பூவுக்குள் மகரந்தம் உருவாவதும் கரு பிடிப்பதும் – முழுமையான வழிகாட்டி

பினாங்கில் பின்கட்டிலோ அடுக்குமாடி வராந்தாவிலோ பாகல் கொடி வைத்திருப்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: பூ நிறைய வருகிறது, பிஞ்சு நிற்க மாட்டேன் என்கிறது. உடனே உரத்தை மாற்றுவோம், தண்ணீரைக் கூட்டுவோம். பல நேரம் குறை அங்கே இருக்காது. ஒரு பிஞ்சு நிற்பதற்கு முன்னால் மொட்டுக்குள்ளும் பூவுக்குள்ளும் சில காரியங்கள் வரிசையாக நடந்தாக வேண்டும். அவற்றில் ஏதோ ஒன்று தடைப்பட்டிருக்கும். எது என்று தெரிய வேண்டுமானால் பூவைத் திறந்து பார்க்கப் பழக வேண்டும்.

ஐந்தாம் படிவத்தில் உயிரியல் எடுத்த பிள்ளைகளுக்கும் இதே பாடம் இருக்கிறது. அவர்கள் தடுமாறுவது முக்கியமாக இரண்டு இடங்களில். மகரந்தத் தூளே ஆண் இனச்செல் என்று எழுதிவிடுகிறார்கள். மகரந்தச் சேர்க்கை நடந்தாலே கரு பிடித்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். புத்தகத்துப் படத்தை மனப்பாடம் செய்து இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது கஷ்டம். ஒரு செம்பருத்தியையும் ஒரு வெண்டைச் செடியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளைப் பின்பற்றினால் தானாகத் தெளிந்துவிடும்.

என்னென்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், புது பிளேடு, இரண்டு ஊசி, ஒரு கறுப்புத் தாள். பள்ளிக்கூடத்து நுண்ணோக்கி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் பாதிக்கு மேல் பார்த்துவிடலாம்.

பூவுக்குச் செம்பருத்தியைத் தேர்ந்தெடுங்கள். 1960இல் மலேசியாவின் தேசிய மலரானது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உறுப்புகள் பெரியவை, எல்லாம் வெளியே தெரியும்படி இருக்கும், எந்தத் தாமானிலும் (குடியிருப்புப் பகுதியிலும்) வேலியோரம் கிடைக்கும். சாதாரண ஒற்றைப் பூவாக இருக்கட்டும். அடுக்குச் செம்பருத்தி வேண்டாம், அதில் மகரந்தத்தாள்களில் (பூவின் ஆணுறுப்புகளில்) பல இதழ்களாகவே மாறிப்போயிருக்கும். மழை இல்லாத காலையில், எட்டு ஒன்பது மணிக்குப் பறியுங்கள். அதே செடியிலிருந்து மிளகு அளவில் ஒன்று, கடலை அளவில் ஒன்று, நாளைக்கு விரியப்போகும் நீண்ட மொட்டு ஒன்று என்று மூன்று நான்கு மொட்டுகளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் வளரும் செம்பருத்தி பெரும்பாலும் காய்க்காது, கிளை வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறோம். ஆகவே உறுப்புகளைப் பார்க்கச் செம்பருத்தி, விளைவைப் பார்க்க வெண்டை. இரண்டும் ஒரே குடும்பம், பூவின் அமைப்பும் ஒன்றுதான்.

படி 1: பூவைப் பிரித்துப் பாருங்கள்

காம்பிலிருந்து மேலே வாருங்கள். முதலில் ஒல்லி ஒல்லியாகப் பச்சையில் புறப்புல்லி, அதற்குள் கிண்ணம் மாதிரி ஒட்டிய ஐந்து புல்லிகள், அப்புறம் ஐந்து இதழ்கள். இவற்றைக் கையால் உரித்து ஒதுக்கிவிடுங்கள். மிஞ்சுவது நடுவில் நீண்டிருக்கும் ஒரு குழல். மகரந்தக் கம்பிகள் எல்லாம் ஒன்றாக ஒட்டி இந்தக் குழல் ஆகியிருக்கிறது. அதன் மேல் பாதியில் சிறு சிறு காம்புகள் பிரிந்து நிற்கும்; ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு மகரந்தப்பை. குழலின் உச்சியில் வெல்வெட் துணி போன்ற ஐந்து சிவப்புப் பொட்டுகள் இருக்கும். அவைதான் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி.

இப்போது பிளேடால் அந்தக் குழலை நெடுக்காக மெதுவாகக் கீறுங்கள். உள்ளே ஒரு வெள்ளை நூல் ஓடுகிறதா? அது சூல்தண்டு. ஆணுறுப்பின் குழலுக்குள்ளேயே பெண்ணுறுப்பின் தண்டு நுழைந்து போகிறது. அதைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினால் புல்லிக் கிண்ணத்தின் அடியில் ஒளிந்திருக்கும் சிறிய பச்சை உருண்டை வரும். அது சூற்பை. குறுக்கே வெட்டுங்கள். ஐந்து அறைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளை மணிகளாகப் பின்னால் விதையாகப்போகும் சூல்கள். சமையலறையில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கும்போது வருகிற அதே ஐங்கோணம்.

ஒரு மகரந்தப்பையைக் கறுப்புத் தாளின் மேல் தட்டுங்கள். செம்பருத்தியின் மகரந்தத் துகள் 0.1 மில்லிமீட்டருக்கும் பெரியது, கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும். லென்ஸில் பார்த்தால் உருண்டையின் மேலெல்லாம் முள். ஊசியால் தள்ளினால் ஒட்டிக்கொள்ளும், பறக்காது. காற்றை நம்பாமல் பூச்சியையும் பறவையையும் நம்பும் பூவின் மகரந்தம் இப்படித்தான் இருக்கும். நெல், சோளம் போன்ற புல்லினங்களின் மகரந்தம் வழவழப்பாக, உலர்ந்து, பொடியாக இருக்கும்.

படி 2: மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் விதம்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம், மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. பூ விரிகிற அன்றைக்கு மகரந்தம் உருவாவதில்லை. மொட்டு சின்னதாக, இறுக்கமாக, பச்சையாக இருக்கும்போதே அந்த வேலை தொடங்கி, விரிவதற்குள் முடிந்துபோகிறது. நாம் பார்க்கும் பூ, முடிந்த வேலையை வெளியே காட்டுகிற கட்டம்.

பொதுவாக ஒரு மகரந்தப்பையில் நான்கு அறைகள் இருக்கும். செம்பருத்திக் குடும்பத்தில் அதில் பாதிதான். பை சிறுநீரக வடிவில் இருப்பது அதனால். அறையின் சுவர் பல அடுக்குகள் கொண்டது. வெளியே தோல், அதற்கு உள்ளே பின்னாளில் பையை வெடிக்கச் செய்யும் அடுக்கு, அப்புறம் சீக்கிரமே நசிந்துபோகும் மெல்லிய அடுக்குகள், எல்லாவற்றுக்கும் உள்ளே டபீட்டம் என்ற ஊட்டும் அடுக்கு. நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு மகரந்தத் தாய்ச் செல்கள்.

தென்னையை எடுத்துக்கொள்வோம். தென்னையின் சாதாரணச் செல்லில் 32 குரோமோசோம்கள் உண்டு. தாய்ச் செல்லிலும் 32. அது முதலில் தன்னைச் சுற்றிக் காலோஸ் என்ற பொருளால் ஒரு தடித்த உறை போட்டுக்கொள்கிறது. அந்த உறைக்குள் குன்றல் பகுப்பு, அதாவது மியோசிஸ், நடக்கிறது. அடுத்தடுத்து இரண்டு பகுப்புகள். முடிவில் ஒரு செல் நான்காகிறது, ஒவ்வொன்றிலும் 16 குரோமோசோம்கள். முதல் பகுப்பின்போது ஜோடிக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஒரே மரத்தின் மகரந்தத் துகள்கள் ஒன்றைப் போல் ஒன்று இல்லாததற்கு இந்த இடம்தான் காரணம். விதை போட்டு முளைத்த மாங்கன்று தாய் மரத்தின் பழத்தைக் கொடுக்காமல் போவதற்கும் இது ஒரு காரணம்.

நான்கு செல்களும் கொஞ்ச நேரம் ஒரே உறைக்குள் நான்மமாக ஒட்டியிருக்கும். டபீட்டம் ஒரு நொதியைச் சுரந்து காலோஸைக் கரைத்ததும் நான்கும் பிரிந்து நான்கு நுண்வித்துகளாகின்றன.

பிறகு சுவர் கட்டும் வேலை. உள்சுவர் செல்லுலோஸ், பெக்டின் ஆகியவற்றால் ஆனது. வெளிச்சுவர் ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. உயிரினங்கள் உண்டாக்கும் பொருள்களில் இவ்வளவு உறுதியானவை மிகக் குறைவு. அமிலத்திலும் எளிதில் கரையாது, சேற்றில் புதைந்தால் லட்சக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் வடிவம் மாறாமல் கிடைக்கும். பழங்காலத்தில் ஓரிடத்தில் என்ன காடு இருந்தது என்று ஆய்வாளர்கள் ஏரிச் சேற்றைத் தோண்டிச் சொல்வது இந்தச் சுவரை வைத்துத்தான். அதன் மேலுள்ள முள்ளும் வலையும் வரியும் இனத்துக்கு இனம் வேறு. இந்தச் சுவரில் சில இடங்களை மட்டும் செல் மெல்லியதாக விட்டுவைக்கிறது. பின்னால் மகரந்தக் குழாய் வெளியே வரும் வாசல்கள் அவை. புல்லினங்களுக்கு ஒரே வாசல், செம்பருத்திக்குப் பல.

சுவர் எழும்பும் காலத்தில் உள்ளே இன்னொரு பகுப்பு நடக்கிறது. இது சாதாரண மைட்டோசிஸ்தான், ஆனால் சமமான பங்கீடு இல்லை. ஒரு பெரிய செல், ஒரு குட்டிச் செல். பெரியது குழாய்ச் செல், குட்டி உற்பத்திச் செல். அந்தக் குட்டி பெரிய செல்லின் சுவரிலிருந்து விடுபட்டு அதன் உள்ளேயே போய் மிதக்கத் தொடங்குகிறது. ஒரு செல்லுக்குள் இன்னொரு முழுச் செல்! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது. உற்பத்திச் செல் பின்னர் இரண்டாகப் பிரியும். அந்த இரண்டுதான் ஆண் இனச்செல்கள். நெல்லிலும் சோளத்திலும் பை வெடிக்கும் முன்பே அந்தப் பிரிவு முடிந்திருக்கும். பெரும்பாலான பூச்செடிகளில் மகரந்தம் சூல்முடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, குழாய்க்குள்தான் நடக்கும். ஆகவே தேர்வில் எழுதும்போது தெளிவாக எழுதுங்கள்: மகரந்தத் துகள் என்பது இரண்டு அல்லது மூன்று செல்கள் கொண்ட நுண்ணிய ஆண் தாவரம் (கேமீட்டோஃபைட்), இனச்செல் அதற்குள்ளே இருப்பது.

டபீட்டம் கடைசியில் தானே சிதைந்துபோகிறது. அதன் எண்ணெயும் நிறமும் துகளின் மேல் பூசிக்கொள்கின்றன. நீங்கள் ஊசியில் பார்த்த ஒட்டும் தன்மையும் மஞ்சள் நிறமும் அங்கிருந்து வந்தவை. டபீட்டம் சரியான நேரத்தில் சிதைய வேண்டும் என்பது முக்கியம். முந்தினாலும் பிந்தினாலும் துகள் உள்ளே ஒன்றுமில்லாமல் சுருங்கிப்போகும். பூத்தாவரங்களின் இனப்பெருக்கத்தில் வெயிலின் சூடு மிகவும் பாதிக்கும் கட்டங்களில் இதுவும் ஒன்று. தக்காளியைப் பினாங்கின் சமவெளியில் வைத்தால் செடி தளதளவென்று வளர்ந்து, பூத்து, பூவெல்லாம் கொட்டிப்போவதற்கு முக்கியமான காரணம் இதுதான். நம் ஊர் இரவின் வெக்கையில் மகரந்தம் சரியாகத் தேறுவதில்லை. கேமரன் மலையில் அதே செடி காய்த்துத் தள்ளுகிறது. நல்ல தக்காளிக்கு ஆசைப்படுகிறவர்கள் உரத்தை விட்டுவிட்டு, வெப்பம் தாங்கும் ரகத்தின் விதையைத் தேடுவது நல்லது.

முடிவில் துகள்கள் நீரை இழந்து உலர்கின்றன, பையின் சுவரும் உலர்ந்து சுருங்கிப் பிளக்கிறது. நாளைக்கு விரியப்போகும் அந்த நீண்ட மொட்டைப் பிரித்துப் பாருங்கள். பைகள் முழுசாக, மூடியபடி இருக்கும், நசுக்கினால் உள்ளே தயாரான துகள்கள் வரும். சின்ன மொட்டின் பையை நசுக்கினால் வெறும் ஈரம். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் அசிட்டோகார்மின் சாயம் இருந்தால், சின்ன மொட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு அளவிலும் ஒரு பையை நசுக்கிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். ஏதோ ஓர் அளவில் நான்கு நான்காக ஒட்டிய செல்கள் தென்படும். அந்த அளவு செடிக்குச் செடி மாறும் என்பதால் வரிசையாகப் பார்ப்பதே வழி.

படி 3: சூலுக்குள் அதே சமயம் நடப்பது

பெண் பக்கத்திலும் இதே குன்றல் பகுப்புதான், கணக்கு மட்டும் வேறு. ஒவ்வொரு சூலிலும் ஒரே ஒரு தாய்ச் செல். அது நான்காகப் பிரிகிறது, பெரும்பாலான செடிகளில் மூன்று அழிந்து ஒன்று மட்டும் பிழைக்கிறது. பிழைத்ததன் உட்கரு மூன்று முறை பிரிந்து எட்டு உட்கருக்களாகி, ஏழு செல்கள் கொண்ட கருப்பையாகிறது. சூலின் சிறு துளை வாசல் பக்கம் முட்டைச் செல்லும் அதற்கு இரண்டு துணைச் செல்களும், எதிர்ப்பக்கம் மூன்று செல்கள், நடுவில் இரண்டு துருவ உட்கருக்களோடு ஒரு பெரிய செல். இந்த நடுச் செல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆறாம் படியில் வரும்.

படி 4: மகரந்தம் இடம் மாறுவது

செடியால் நடக்க முடியாது. மகரந்தப்பையிலிருந்து சூல்முடிக்குத் துகள் போக வேண்டுமானால் காற்றோ நீரோ பூச்சியோ வௌவாலோ வர வேண்டும். பினாங்கில் இதைப் பார்க்க எங்கும் அலைய வேண்டியதில்லை.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் அப்படியே பக்கத்திலுள்ள தாவரவியல் பூங்காவுக்குள் நுழையுங்கள். 1884இல் தொடங்கிய பூங்கா அது. அங்கே நாகலிங்க மரம் இருக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம்தான், ஆனாலும் நம் ஆட்கள் அதன் பூவில் லிங்கத்தையும் அதற்குக் குடைபிடிக்கும் நாகத்தையும் கண்டு கோயில் மரமாகவே ஆக்கிக்கொண்டார்கள். கீழே விழுந்த பூ ஒன்றை எடுத்துப் பாருங்கள். படம் விரித்த நாகமாகத் தெரிவதும் மகரந்தத்தாள்கள்தான், லிங்கத்தைச் சுற்றி வளையமாக இருப்பதும் மகரந்தத்தாள்கள்தான். வளையத்தில் இருப்பது கரு பிடிக்க வைக்கும் மகரந்தம். படத்தில் இருப்பது தேனீக்களுக்குத் தீனியாக வைத்த மலட்டு மகரந்தம். தேனீ படத்துக்குள் நுழைந்து தீனியை எடுக்கும்போது வளையத்தின் மகரந்தம் அதன் முதுகில் அப்பிக்கொள்கிறது.

பாலிக் பூலாவ் பக்கம் டுரியான் தோட்டத்தில் வேலை இரவில். டுரியான் பூ பிற்பகல் கழிந்து விரியத் தொடங்குகிறது, இருட்டும்போது மகரந்தப்பைகள் வெடிக்கின்றன, விடிவதற்குள் இதழும் மகரந்தத்தாளும் மரத்தடியில் கொட்டிக்கிடக்கும். வருகிற விருந்தாளி பெரும்பாலும் தேன் குடிக்கும் குகை வௌவால். பத்துமலைக் குகைகளிலும் இதே இன வௌவால்கள் கூட்டமாக வசிக்கின்றன. பெத்தாய்ப் பூவுக்கும் கடலோரத்துச் சதுப்புநில மரப் பூவுக்கும் அவையே போகின்றன. டுரியான் ரகங்களில் பல தன் மகரந்தத்தைத் தானே ஏற்காதவை. அதனால் தோட்டம் முழுக்க ஒரே ரகம் வைப்பது சரியில்லை, பக்கத்தில் வேறு ரகம் நிற்க வேண்டும். வௌவாலைப் பழம் தின்னும் தொல்லை என்று வலை போட்டுப் பிடிப்பவர்கள் அடுத்த பருவத்து விளைச்சலைத்தான் பிடிக்கிறார்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

அதே பாலிக் பூலாவில் ஜாதிக்காய். இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கன்றைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, பூக்கும் வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெண் மரம் மட்டும் இருந்து ஆண் மரம் அக்கம்பக்கத்தில் இல்லாவிட்டால் காய் பிடிக்காது. பப்பாளியிலும் ஆண், பெண், இருபால் என்று மரங்கள் உண்டு.

பாலத்தைத் தாண்டி செபராங் பிறை பக்கம் போனால் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. ஒரே மரத்தில் ஆண் பூங்குலையும் பெண் பூங்குலையும் வரும், ஆனால் வெவ்வேறு காலத்தில். ஆகவே பக்கத்து மரத்திலிருந்துதான் மகரந்தம் வந்தாக வேண்டும். 1981க்கு முன்னால் தோட்டத் தொழிலாளர்கள் மகரந்தத்தைச் சேகரித்து, டால்க் தூளில் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூங்குலைகளில் ஊதினார்கள். நம் குடும்பங்களின் பாட்டிமார்களில் அந்த வேலை செய்தவர்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது ஆண் பூங்குலையில் முட்டையிட்டு வாழ்கிறது. பெண் பூங்குலையும் அதே சோம்பு வாசனையை வெளிவிடுவதால் ஏமாந்து அங்கேயும் போகிறது, உடம்பெல்லாம் மகரந்தத்தோடு. மனிதர் கையால் செய்த வேலை அதோடு தேவையில்லாமல் போனது.

கத்தரிப் பூ வேறு வகை. அதன் மகரந்தப்பை பிளப்பதில்லை, நுனியில் மட்டும் சிறு துளை. பெரிய கறுப்புத் தச்சுத் தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்தால்தான் தூள் கொட்டும்.

படி 5: சூல்முடி ஏற்பதும் குழாய் வளர்வதும்

துகள் சூல்முடியில் விழுந்தால் மகரந்தச் சேர்க்கை முடிந்தது. கருவுறுதல் இன்னும் தொடங்கவே இல்லை. உலர்ந்த துகள் முதலில் சூல்முடியின் ஈரத்தை உறிஞ்ச வேண்டும். வந்தது தன் இனமா, தன் செடியின் சொந்த மகரந்தமா என்று பல செடிகள் இங்கேயோ சூல்தண்டிலோ சோதித்து, வேண்டாததைத் தடுத்துவிடும்.

ஏற்றுக்கொண்டால் வாசல் வழியாகக் குழாய் வெளியே வந்து சூல்தண்டுக்குள் இறங்குகிறது. இத்தாலிக்காரர் ஜியோவான்னி பட்டிஸ்டா அமிச்சி 1824இல் இதை முதன்முதலில் கவனித்து எழுதியது பருப்புக்கீரைப் பூவில். குழாய் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்பதற்குச் சோளம் நல்ல உதாரணம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கும் சோளத்தின் மேலுள்ள ஒவ்வொரு முடியும் ஒரு சூல்தண்டு; ஒரு முடிக்கு ஒரு மணி. ஒரு மயிரிழையின் நுனியில் விழுந்த துகள் அதன் நீளம் முழுக்கக் குழாய் வளர்த்தால்தான் அந்த மணி பிடிக்கும். கதிரில் அங்கங்கே பல் விழுந்தது மாதிரி இருந்தால் அந்த முடிகளுக்கு மகரந்தம் கிடைக்கவில்லை அல்லது குழாய் போய்ச் சேரவில்லை.

குழாயைக் கண்ணால் பார்க்கக் காசித்தும்பை போதும். கொதிக்க வைத்து ஆற்றிய 100 மில்லிலிட்டர் நீரில் 10 கிராம் சீனியைக் கரையுங்கள். ஆய்வக உதவியோடு 10 மில்லிகிராம் போரிக் அமிலமும் கொஞ்சம் கால்சியம் நைட்ரேட்டும் சேர்த்தால் இன்னும் நன்றாக வரும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, அன்று காலை விரிந்த பூவின் மகரந்தத்தை அதில் உதறுங்கள். உலராமல் இருக்க ஈரத்தாள் போட்ட மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். கால் மணி நேரத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம். துகளின் ஓரத்திலிருந்து தெளிவான வால் ஒன்று நீளும், உள்ளே துணுக்குகள் ஓடுவதும் தெரியும். நித்தியகல்யாணி மகரந்தத்திலும் செய்யலாம், சற்று நேரம் கூடப் பிடிக்கும். பழைய பூவில் செய்துவிட்டு வரவில்லையே என்று கைவிடாதீர்கள். மகரந்தத்துக்கு ஆயுள் குறைவு, நெல்லின் மகரந்தம் சில நிமிடங்களிலேயே செத்துப்போகும்.

படி 6: இரட்டைக் கருவுறுதல்

குழாய் சூலைத் தேடிப் போவது தற்செயலாக இல்லை. முட்டைக்குப் பக்கத்திலிருக்கும் துணைச் செல்கள் ஒரு புரதத்தைச் சுரந்து அதை இழுக்கின்றன. ஜப்பானைச் சேர்ந்த டெட்சுயா ஹிகாஷியாமாவின் குழு 2009இல் இதைக் காட்டியது டோரீனியா பூவில். நம் ஊர் நர்சரிகளில் ஊதாவும் வெள்ளையுமாக விற்கும் சின்னச் செடிதான். அதன் சூல்முடியின் இரண்டு மடல்களையும் ஊசியால் தொட்டுப் பாருங்கள், கண்ணெதிரே மூடிக்கொள்ளும்.

குழாய் உள்ளே வந்து வெடித்து இரண்டு ஆண் செல்களையும் விடுகிறது. ஒன்று முட்டையோடு சேர்கிறது, அது கரு. மற்றொன்று அந்த நடுச் செல்லோடு சேர்கிறது, அது கருவுக்கு உணவாகும் கருவூண். 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் செர்ஜி நவாஷின் லில்லி இனங்களில் இதைக் கண்டறிந்தார். தென்னையில் கணக்குப் போடுங்கள்: கருவில் 16ம் 16ம் சேர்ந்து 32. நடுச் செல்லின் இரண்டு உட்கருக்களும் ஆண் செல்லும் சேர்ந்து 48.

அந்த 48ஐ நாம் தினமும் சாப்பிடுகிறோம். தேங்காயின் வெள்ளைப் பருப்பும் இளநீரும் கருவூண்தான். தொடக்கத்தில் அதன் உட்கருக்கள் சுவர் எழுப்பாமல் நீரில் மிதந்தபடியே பெருகுகின்றன. அப்புறம்தான் ஓட்டின் ஓரத்திலிருந்து செல் செல்லாகப் பருப்பு படிகிறது. தைப்பூசத் தேருக்கு முன்னால் வீதியில் சிதறும் தேங்காய்த் தண்ணீரும் இதுவே. மூன்று கண்களில் மெத்தென்றிருக்கும் கண்ணுக்குக் கீழே சிறிய கரு பதிந்திருக்கும், துருவும் முன் தோண்டிப் பார்க்கலாம். முளைத்த தேங்காய்க்குள் உருண்டையாக இருக்கும் தேங்காய்ப்பூ, கருவின் விதையிலை. கருவூணை உறிஞ்சிக் கன்றுக்கு அனுப்புவது அதன் வேலை.

படி 7: விதையும் காயும்

சூல் விதையாகிறது, சூற்பை காயாகிறது. வெண்டையில் பூ விரிந்த அன்று காம்பில் ஒரு நூல் கட்டுங்கள். மாலைக்குள் இதழ் வாடும், சூற்பை நீள ஆரம்பிக்கும், ஒரு வாரத்துக்குள் சமையலுக்குக் காய் தயார். வாழையும் மல்லிகையும் இந்த வழியில் வருபவை அல்ல: நாம் சாப்பிடும் வாழை கரு பிடிக்காமலேயே காய்க்கிறது, மாலை கட்டும் மல்லிகையைப் பதியன் போட்டோ குச்சி நட்டோதான் பெருக்குகிறோம்.

படி 8: கையால் சேர்த்து, குறையைக் கண்டுபிடிப்பது

உயரமான மாடிகளுக்குத் தேனீ அவ்வளவாக வராது. கொடிக் காய்களுக்கு நீங்களே தேனீயாக வேண்டியதுதான். பாகலிலும் பரங்கியிலும் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்பு. முதல் சில நாட்கள் ஆண் பூ மட்டும் வந்து விழுவது இயல்பு, கவலை வேண்டாம்.

பரங்கிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும், ஆகவே காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். சுரையும் புடலும் மாலையில் விரிபவை, அவற்றுக்கு இருட்டும் நேரம். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடி மடல்கள் எல்லாவற்றிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு மடலில் மட்டும் தடவினால் சில சூல்களுக்குத் துகள் போதாமல் காய் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். கத்தரிக்கும் தக்காளிக்கும் தூரிகை உதவாது. மின்சாரப் பல்துலக்கியின் பின்பக்கத்தைக் காம்பில் சில விநாடி வைத்து அதிர வையுங்கள்.

பிறகும் பிஞ்சு உதிர்ந்தால் எந்தப் படியில் தடை என்று பாருங்கள். ஆண் பூவைக் கறுப்புத் தாளில் தட்டியும் தூள் விழவில்லையா, துகள் சுருங்கியிருக்கிறதா? இரண்டாம் படியில் கோளாறு. வெயிலைக் குறைக்க நிழல்வலை கட்டுங்கள். தூள் நன்றாக இருக்கிறது, பெண் பூ தொடாமல் கிடந்து மறுநாள் மஞ்சளாகிறதா? நான்காம் படி, கையால் சேருங்கள். சேர்த்த சிறிது நேரத்தில் மழை அடித்ததா? துகள் கழுவப்பட்டிருக்கும், அடுத்த பூவுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை கட்டிவிடுங்கள். குட்டிக் காய் ஒரு வாரம் வளர்ந்து பிறகு வாடினால் கரு பிடித்துவிட்டது என்று பொருள். அப்போதுதான் உரத்தையும் நீரையும் காய் ஈயையும் சந்தேகப்பட வேண்டும்.

விதைக்காக வளர்க்கிறீர்கள் என்றால் ஒரு வேலை கூடுதல். நாளை விரியப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முந்தின மாலையே நூலால் கட்டி மூடிவிடுங்கள். காலையில் அவிழ்த்து, இரண்டையும் சேர்த்து, பெண் பூவைத் திரும்பக் கட்டிவிட்டால் வேறு ரகத்து மகரந்தம் நுழையாது. வெண்டைக்கு இருபால் பூ என்பதால் மொட்டைக் கட்டினாலே போதும், தானே சேர்ந்துகொள்ளும். விதைக்கான வெண்டைக்காயைச் செடியிலேயே முற்றிப் பழுப்பேறி வெடிக்கத் தொடங்கும் வரை விட்டு, நிழலில் உலர்த்தி, ரகத்தின் பெயரும் பறித்த தேதியும் எழுதிய தாள் உறையில் போடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அந்த உறையைக் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் அடுத்த நடவு வரை முளைப்புத்திறன் கெடாது.